ஏழாம் ஆண்டில் என் ஃபேர்ஃபோன்

பழுது பார்க்கக்கூடிய கைபேசி என்று சொன்னவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது திருப்புளிதான். நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில், 2019-ஆம் ஆண்டின் கடைசியில் நான் வாங்கிய, ஆம்ஸ்டர்டாம் நிறுவனம் ஒன்றின் கைபேசியான ஃபேர்ஃபோன் 3-இன் பெட்டியில் சார்ஜர் இல்லை, கேபிளும் இல்லை. ஆனால் சிறிய திருப்புளி ஒன்று இருந்தது. அன்று எனக்கும் அதுவே பெரிய விஷயமாகத் தெரிந்தது. அதே கைபேசியை ஏழாம் ஆண்டிலும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவன் என்ற முறையில் இப்போது கேட்டால், கழற்றி மாட்டுவது இதில் எளிய பாதி என்றுதான் சொல்வேன். மாட்டுவதற்குரிய பாகமும் அதில் ஓடுவதற்குரிய மென்பொருளும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டுமே, அதுதான் கடினமான பாதி. வாங்கும்போது நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் அதற்குத்தான் போகிறது.

எளிய பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலின் பின்மூடியை நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். பேட்டரியை வெளியே எடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். திரையைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட சிறு திருகுகள் இருக்கின்றன; அவற்றைக் கழற்றினால் திரை முழுதாகத் தனியே வந்துவிடும். அதன் அடியில் கேமரா ஒரு பாகம், ஒலிபெருக்கி ஒரு பாகம், முன்கேமராவும் ஹெட்ஃபோன் துளையும் அடங்கிய மேல்பகுதி ஒன்று, சார்ஜ் ஏற்றும் துளையும் மைக்கும் அதிர்வு மோட்டாரும் அடங்கிய கீழ்ப்பகுதி ஒன்று என்று எல்லாம் தனித்தனியாக அமர்ந்திருக்கின்றன. பழுது பார்ப்பதற்கான எளிமையை அளந்து மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் தளம் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தது.

எந்த லித்தியம் பேட்டரியும் சில நூறு தடவை நிரம்பி வடிந்த பிறகு தளர்ந்துதான் போகும். சுமார் 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள இதன் பேட்டரியும் மூன்றாண்டுகளுக்குப் பிறகு மாலைக்குள் சோர்ந்துபோகத் தொடங்கியது. ஏறக்குறைய 30 யூரோ கொடுத்துப் புதியதைப் போட்டுக்கொண்டேன். பழையதை உடனே எறிந்துவிடாமல், ஊருக்குப் போகும் நீண்ட விமானப் பயணங்களில் கைப்பையில் மாற்றுப் பேட்டரியாக எடுத்துச் செல்கிறேன். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் பொது விதி. பிற்காலத்துக்கு என்று பேட்டரிகளை வாங்கி அடுக்கி வைப்பதில் பயனில்லை. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும். வைத்தே தீர வேண்டுமென்றால் பாதி சார்ஜில், வெப்பமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

திரையை மாற்ற வேண்டிய நாளும் வந்தது. சைக்கிள் பிடியில் மாட்டியிருந்த கைபேசி செங்கல் பாவிய தெருவில் முகங்குப்புற விழுந்தால் எந்தத் திரையும் தாங்காது. புதிய திரை சுமார் 90 யூரோ. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்து, தேநீர் ஆறுவதற்குள் மாட்டி முடித்துவிட்டேன். இத்தகைய வேலைக்குக் கை நடுங்குபவர்களுக்கு இந்த ஊரில் ரிப்பேர் கஃபே உண்டு. 2009-இல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிவைத்த அந்த வழக்கம் இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஓய்வு பெற்ற பொறியாளர்களும் தையல் தெரிந்த பாட்டிமார்களும் வாரக் கடைசியில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, வருபவர்களின் பொருளை அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சரிசெய்து கொடுப்பார்கள்.

செலவுக் கணக்கையும் பார்க்கலாம். வெளியானபோது இதன் விலை 450 யூரோ. இதிலிருக்கும் ஸ்னாப்டிராகன் 632 சிப்பைக் கொண்ட வேறு கைபேசிகள் அப்போது அதில் ஏறத்தாழ பாதி விலைக்கே கிடைத்தன. ஆகவே வாங்கிய அன்று நான் ஏமாந்துவிட்டதாக நண்பர்கள் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. பேட்டரியையும் திரையையும் சேர்த்து ஏழு ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 80 யூரோ வருகிறது. மலிவான கைபேசியை இரண்டரை ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுபவருக்கும் ஏறக்குறைய அதே செலவுதான். எனவே பணம் மிச்சமாகும் என்று சொல்லி யாரையும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். மிச்சமாவது வேறு. இந்த மாடலின் வாழ்நாள் கரிமக் கணக்கை பெர்லினில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியீடு என்று கண்டது. அதில் மிகப் பெரும் பங்கு, கைபேசி நம் கைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. நாம் இரவில் ஏற்றும் மின்சாரம் அதற்கு முன்னால் அற்பம். அந்த உற்பத்திச் சுமையை எத்தனை ஆண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இனி கடினமான பாதி. அதைப் புரிந்துகொள்ள இந்த நிறுவனத்தின் முதல் கைபேசிக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-இல் ஆம்ஸ்டர்டாமில், கைபேசிகளுக்குள் இருக்கும் கனிமங்கள் காங்கோவின் ஆயுதக் குழுக்களுக்குப் பணமாக மாறுவதைப் பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரமாகத் தொடங்கிய முயற்சி, பாஸ் வான் ஆபெல் தலைமையில் 2013-இல் நிறுவனமாக மாறி, அவ்வாண்டின் இறுதியில் முதல் கைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 60,000 கைபேசிகள் விற்றன. 2017-இல் அதற்கான உதிரி பாகங்கள் தீர்ந்துபோயின. புதிதாகச் செய்து தரச் சொல்லலாம் என்றால், பழைய வகைப் பாகங்களைச் சிறிய எண்ணிக்கையில் தயாரிக்க ஆலைகள் முன்வருவதில்லை. மென்பொருளோ ஆண்ட்ராய்டு 4.2-ஐத் தாண்டி நகரவே இல்லை. நீண்ட ஆயுளை வாக்களித்த கைபேசி நான்காண்டுக்குள் ஆதரவற்றுப் போனது. எத்தனை திருகுகள் வைத்திருந்தாலும் என்ன, மாட்டுவதற்குப் பாகம் வேண்டுமே.

இரண்டாம் மாடல் அதற்கு முன்பே, 2015-இன் இறுதியில் வந்துவிட்டது. பாகங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வடிவமைப்பு அதில்தான் முழுமையாக வந்தது. ஆனால் அதற்குள் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு, அதைத் தயாரித்த குவால்காம் நிறுவனம் ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு ஆதரவு தரவில்லை. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஒரு கைபேசியில் ஓட வேண்டுமானால் அதன் சிப்புக்கு ஏற்ற இயக்கு நிரல்கள் வேண்டும். அவற்றைச் சிப் தயாரிப்பவர் எழுதித் தருவார். அவர் கையை விரித்துவிட்டால் கைபேசி நிறுவனமே எல்லாவற்றையும் தோண்டித் துருவிச் செய்ய வேண்டியதுதான். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளமான லீனியேஜ் ஓஎஸ்-இன் தன்னார்வலர்களின் உழைப்பையும் துணைக்கொண்டு, ஃபேர்ஃபோன் நிறுவனம் அந்த மாடலை ஆண்ட்ராய்டு 7, 9, 10 என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய், 2023 மார்ச்சில்தான் ஆதரவை நிறுத்தியது. ஏழாண்டுக்கு மேல். என்னைக் கேட்டால், திருகுகளைவிட இந்த மென்பொருள் வேலைதான் இந்நிறுவனத்தின் பெரிய சாதனை. ஆனால் விளம்பரப் படத்தில் காட்ட முடியாத சாதனை.

அந்தப் பாடத்தின் விளைவை 2023-இல் வந்த ஐந்தாம் மாடலில் காணலாம். வழக்கமான கைபேசிச் சிப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று குவால்காம் தயாரிக்கும் கியூசிஎம் 6490 என்ற சிப்பை அதில் போட்டார்கள். வேகத்தில் அது முன்வரிசைச் சிப்புகளோடு போட்டியிடாது. ஆனால் தொழிற்சாலைகள் ஒரு கருவியைப் பல்லாண்டு வைத்திருக்கும் என்பதால் அதற்கு நீண்டகால ஆதரவு உண்டு; அதன் பலத்தில்தான் 2031 வரை மென்பொருள் தருவதாக அறிவிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு எது வேகமாக ஓடும் என்று பார்த்துச் சிப் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. எட்டாவது ஆண்டில் எது ஓடும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி.

பழைய கைபேசியோடு வாழ்பவர் எதிர்கொள்ளும் இன்னொரு வகை மாற்றமும் உண்டு. பொருள் அப்படியே இருக்கும். அதைச் சுற்றியுள்ள விதி மாறிவிடும். ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, கைரேகை உணரிகளுக்குக் கூகுள் வகுத்த பாதுகாப்புத் தரம் முன்னைவிடக் கடுமையாகியிருந்தது. மூன்றாம் மாடலின் உணரி அந்தத் தரத்துக்கு எட்டவில்லை. கைரேகையால் பூட்டைத் திறக்கலாம், வங்கிச் செயலிக்குள் நுழைய முடியாது என்றாயிற்று. அன்றிலிருந்து வங்கிச் செயலியில் எண்களைத் தட்டித்தான் உள்ளே போகிறேன். இது யாரையும் குறை சொல்லும் விஷயமில்லை. எந்தத் திருப்புளியாலும் தீர்க்க முடியாத முதுமை என்று ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு பக்கம், இரண்டு சிம் போடும் வசதி எனக்கு நாள்தோறும் பயன்படுகிறது. இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர் எவருக்கும் ஊர் எண்ணுக்கு வரும் ஓடிபி எவ்வளவு அவசியம் என்று தெரியும்.

'ஃபேர்', அதாவது நியாயமானது, என்ற பெயருக்கு இது எவ்வளவு தகுதியானது என்று பலர் கேட்கிறார்கள். வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் கிழக்குக் காங்கோவின் போர்களோடு தொடர்புடைய கனிமங்களாக அறியப்பட்டவை. 2010-இல் அமெரிக்கா இயற்றிய டாட்-ஃபிராங்க் சட்டம், நிறுவனங்கள் இவற்றின் மூலத்தை வெளியிட வேண்டும் என்று விதித்தபோது, பல நிறுவனங்கள் காங்கோவிலிருந்து வாங்குவதையே தவிர்த்தன. சட்டம் சொன்னது அதையல்ல. ஆனால் விலகுவது எளிதாக இருந்தது. விளைவாக, ஆயுதக் குழுக்களோடு தொடர்பே இல்லாத சுரங்கத் தொழிலாளர்களின் பிழைப்பும் பறிபோனது. ஃபேர்ஃபோன் இதற்கு நேர்மாறான வழியில் போனது: காங்கோவின் மோதலற்ற சுரங்கங்களிலிருந்து வெள்ளீயத்தையும் டான்டலத்தையும், ருவாண்டாவிலிருந்து டங்ஸ்டனையும், பெருவிலிருந்து ஃபேர்ட்ரேடு என்ற நியாய வணிகச் சான்று பெற்ற தங்கத்தையும் தன் விநியோகச் சங்கிலிக்குள் கொண்டுவர முயன்றது. பேட்டரிக்கான கோபால்ட், பெரும்பாலும் காங்கோவின் தெற்கே கோல்வேசி வட்டாரத்தில் தோண்டப்படுகிறது. அங்கே கையால் தோண்டுபவர்களின் பாதுகாப்பை மேம்படுத்தவும் குழந்தை உழைப்பை ஒழிக்கவும் 2020-இல் தொடங்கிய ஃபேர் கோபால்ட் கூட்டணியிலும் அது பங்கேற்றது.

கறை படிந்த இடத்திலிருந்து விலகி நின்று கை சுத்தம் என்று சொல்லிக்கொள்வதைவிட, உள்ளே போய் வாங்கிக்கொண்டே திருத்த முனைவது நேர்மையானது என்பது என் கருத்து. அதற்காக இந்தக் கைபேசி முழுக்க நியாயமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கைபேசிக்குள் டஜன்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் மூலத்தையே இந்நிறுவனத்தால் மாற்ற முடிந்திருக்கிறது. நூறு விழுக்காடு நியாயமான கைபேசி சாத்தியமில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சீனத்து ஆலையில் கைபேசியின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளர்களுக்கு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் வாழ்வதற்குப் போதுமான கூலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கக் கைபேசி ஒன்றுக்கு இரண்டு டாலருக்கும் குறைவான ஊக்கத்தொகை சேர்க்கப்படுகிறது. படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது பெருமிதமன்று, கூச்சம்தான். இவ்வளவு சிறிய தொகையா? அப்படியானால் ஆயிரம் யூரோவுக்கு விற்கும் மற்றவர்கள் இதை ஏன் செய்வதில்லை?

நிறுவனம் சறுக்கிய இடமும் உண்டு. 2021-இல் வந்த நான்காம் மாடலில் ஹெட்ஃபோன் துளையை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் பேட்டரி மாற்ற முடியாத கம்பியில்லாச் செவிக்கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகள் உழைக்கும் கம்பி ஹெட்ஃபோனைக் கழித்துவிட்டு, சில ஆண்டுகளில் மடியும் ஒன்றை வாங்க வைப்பது எந்த வகையில் நீடித்த ஆயுள் என்று ஆதரவாளர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பேட்டரி மாற்றக்கூடிய செவிக்கருவி 2024-இல்தான் வந்தது.

ஊருக்குப் போகும்போது இந்தக் கைபேசிக்கு வேறொரு சோதனை. இந்தியாவில் ஃபேர்ஃபோன் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அசல் உதிரி பாகம் கிடைக்காது. அதே தெருவில், நுண்ணோக்கியும் சூடான காற்று ஊதும் கருவியும் வைத்துக்கொண்டு, பழுது பார்க்கவே முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட கைபேசிகளின் போர்டில் சில்லுகளை மாற்றி உயிர்ப்பிக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் வடிவமைப்பு எளிமையாகி என்னைப் போன்ற கைப்பழக்கமில்லாதவனும் பழுது பார்க்க முடிகிறது. சென்னையிலோ வடிவமைப்பு எதிராக இருந்தும் கைத்திறன் ஈடு செய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரு கைபேசி எத்தனை ஆண்டு ஓடும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாடலுக்கு 2026 வரை மென்பொருள் ஆதரவு என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு லீனியேஜ் ஓஎஸ் போட்டுத் தொடரலாம். வங்கிச் செயலிகள் அதை ஏற்குமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும் என்பதால், அந்த வேலைக்கு வேறொரு கருவி வேண்டியிருக்கும். அடுத்ததும் ஃபேர்ஃபோன்தானா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முன்பு அப்படி யோசிக்கவே இடமிருக்கவில்லை. இன்று கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்நிலை மாடல்களுக்கு ஏழாண்டு மென்பொருள் தருகின்றன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வரும் எந்தக் கைபேசிக்கும், அதன் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுகள் முக்கிய உதிரி பாகங்களைக் கொடுத்தாக வேண்டும். பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறிய பிறகும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும். பாகமும் மென்பொருளும் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கிவிட்டால் ஃபேர்ஃபோனிடம் தனித்து எஞ்சுவது கனிமமும் கூலியும்தான். அந்த இரண்டுக்காக மட்டும் இன்னும் நூறு, நூற்றைம்பது யூரோ கூடுதலாகக் கொடுப்பேனா என்பதே இனி என் முன்னால் இருக்கும் கேள்வி; இப்போதைக்குக் கொடுப்பேன் என்ற பக்கமே சாய்ந்திருக்கிறேன்.