சொந்தக்காரர் இல்லாத புறா செத்தால் யாரிடம் போவது?

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் எங்கள் வீடு. கீழே அரிசி, பயறு, குறுணல் விற்கும் கடை, மேலே நாங்கள். மூட்டை இறங்கும் இடத்தில் புறாவுக்கு என்ன குறை? சுற்றியுள்ள கூரையெல்லாம் அவற்றின் ராச்சியம்தான். மாரி ஓய்ந்து தை பிறந்த பிறகு அவற்றில் சில ஏதோ போல் நடக்கத் தொடங்கின.

மொட்டைமாடியில் ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்தேன். சிந்திக் கிடந்த பயற்றைக் கொத்துகிறது, அலகு அரை அங்குலம் தள்ளிச் சீமெந்தில் படுகிறது. திரும்பக் கொத்துகிறது, திரும்பத் தவறுகிறது. அப்புறம் கழுத்து மெல்லத் திருகி, உச்சந்தலை தரையைப் பார்க்க, அலகு வானத்தைப் பார்க்கிறது. கையைத் தட்டினால் பறக்கப் பார்த்துப் பின்பக்கமாக மல்லாந்து விழுகிறது. எச்சம் முழுக்கத் தண்ணீர், நடுவில் கொஞ்சம் பச்சை. இரண்டொரு நாளில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேயும் பீலிக்குள்ளேயும் செத்துக் கிடக்கத் தொடங்கின.

தெருவுக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. கடைக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்றது ஒரு பக்கம். பறவைக் காய்ச்சல் என்றது வாட்ஸ்அப். பாவம், அந்த மனிதர் புறாவைக் கலைக்கக்கூடக் கையை ஓங்காதவர்.

சரி, முறையாக அறிவிப்போம் என்று தொலைபேசியை எடுத்தேன். யானை வந்தால் 1992-ஐக் கூப்பிடலாம், வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். புறாவுக்கு? ஓர் அலுவலகத்தில், "பறவை வருத்தம் எண்டால் கால்நடைப் பக்கம் கேளுங்கோ" என்றார்கள். அங்கே கேட்டால், "உங்கட வளர்ப்புப் புறாவோ?" "இல்லை." "அப்ப காட்டுப் பறவைதானே, வனஜீவராசிக்குச் சொல்லுங்கோ." குப்பை அள்ளும் தம்பிமார்தான் கேள்வி கேட்காமல் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் அள்ளினால் இடம் சுத்தமாகுமே தவிர, நோய் என்னவென்று தெரியாது. சட்டமும் இதே போக்கில்தான் போகிறது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோயை அறிவிக்கும் பொறுப்பை விலங்கை வைத்திருப்பவர் தலையில் கட்டுகிறது. நகரத்துப் புறாவை வைத்திருப்பவர் யார்?

கதவைத் திறந்தது பின்வளவு மாமியின் கோழிகள். "செத்த புறா விழுகிற இடத்துக்குப் பக்கத்து வளவில பத்துப் பதினைஞ்சு கோழி நிக்குது" என்று சொன்னதும் கால்நடை அலுவலகத்தில் எதிரில் இருந்தவர் பேனையை எடுத்தார். பெயர், விலாசம், கோழிக்குத் தடுப்பு மருந்து போட்டதா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. இதே நிலையில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புறாவில் தொடங்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கோழியில் தொடங்குங்கள்.

கால்நடை வைத்தியர் இளம் பெண். வருவதற்கு முன்பே தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார். புதிதாகச் செத்ததாக இருக்க வேண்டும், நாற்றம் அடித்தால் பயனில்லை. வெறுங்கையால் தொடக்கூடாது, சொப்பிங் பையைக் கைக்கு மாட்டித் தூக்கி, அதையே உள்வெளியாகத் திருப்பிக் கட்டி, இன்னொரு பைக்குள் போட வேண்டும். ஐஸில் வைக்கலாம், ஃபிரீசரில் வைக்கக்கூடாது. உறைந்தால் திசு சிதைந்து நுணுக்குக்காட்டிக்கு உதவாது. மீன் சந்தையில் ஒரு பழைய ரெஜிபோம் பெட்டி கேட்டேன். எதற்கு என்று சொன்ன பிறகு, திருப்பித் தர வேண்டாம் அண்ணா என்றார்கள்.

வைத்தியர் வந்ததும் முதலில் பார்த்தது இரைப்பையை. நஞ்சு தின்ற புறாவுக்குப் பெரும்பாலும் அது தானியத்தால் நிறைந்திருக்கும், தின்ற இடத்துக்குக் கிட்டவே கூட்டமாக விழுந்து கிடக்கும். எங்கள் புறாவின் இரைப்பை காலி. மார்பின் இரண்டு பக்கமும் சதை வற்றி எலும்பு கத்தி விளிம்பாய்க் கையில் தட்டுப்பட்டது. "இது பட்டினியில செத்தது அண்ணா. கொத்தத் தெரியாமப் போயிட்டுது" என்றார். கடைக்காரரின் பெயர் அங்கேயே துடைக்கப்பட்டது. தொண்டையிலும் பின்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார். பெட்டி ஹபரணை, தம்புள்ளை வழியாக மலைநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனது.

முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாதே. மாடியை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, தூசியோடு எல்லாம் மூக்குக்குள் போகும். முதலில் நனைத்து, சவர்க்காரத் தண்ணீரால் உரஞ்சிக் கழுவி, அதற்குப் பிறகுதான் குளோரின். எச்சத்தின் மேல் நேரே ஊற்றினால் குளோரினின் வலு அந்த அழுக்கோடேயே போய்விடும். தாங்கியின் மூடி விலகியிருந்தது, அதையும் இறுக்கினோம்.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. புறாக்களுக்கு வரும் பராமிக்சோ வைரஸ். கோழிக்கு வரும் ராணிக்கெட் நோய் இருக்கிறதே, நியூகாசில் என்றும் சொல்வார்கள், அதே வைரஸின் புறா வகை இது. 1970களின் கடைசியில் மத்திய கிழக்கில் தலைகாட்டி, 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் பரவியதாம். மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் கண் சிவந்து நீர் வடியும், தானாகவே மாறிவிடும்.

அத்தோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. வைத்தியர் கீழே கடைக்குப் போய்க் குறுணல் மூட்டைகளைத்தான் வெகுநேரம் பார்த்தார். வாய் திறந்த மூட்டைகள், மேலே உத்தரத்தில் புறாக்கள். 1984இல் பிரித்தானியாவில் நடந்ததைச் சொன்னார். லிவர்பூல் துறைமுகத்தில் சேமித்திருந்த தீவனத்தில் நோய்ப்பட்ட புறாக்களின் எச்சம் விழுந்து, அந்தத் தீவனம் போன பண்ணைகளில் கோழிகளுக்கு நியூகாசில் வந்திருக்கிறது. புறா பண்ணைக்குப் பறந்து போகவே தேவையில்லை, சாக்கில் ஏறிப் போனது. மாமி கோழிக்குக் குறுணல் வாங்குவது இந்தக் கடையில்தான். மாமி மட்டுமா, கிண்ணியா வரைக்கும் போகிறது. செத்துக் கிடந்த புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் அந்த மூட்டைகள் கண்ணில் படவில்லை. கடைக்காரர் அன்று பின்னேரமே படங்கு வாங்கி மூட்டைகளை மூடினார், உத்தரத்துக்கு வலை அடித்தார். செலவைப் பற்றி முணுமுணுத்தார்தான், ஆனால் செய்தார்.

அடுத்தது தடுப்பு மருந்து. அது சிறு குப்பியில் வந்தாலும் ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் காணும். கரைத்தால் ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. அதனால் மாமி தன் கோழிக்கு மட்டும் போட முடியாது, ஒழுங்கை முழுக்கச் சேர வேண்டும். மாமியே வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தார். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் வகை என்பதால் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அதிலுள்ள குளோரின் மருந்திலிருக்கும் உயிர் வைரஸைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுத்து, கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் விட்டு, அப்புறம் வைத்தோம். ஏற்கெனவே சோர்ந்து நின்ற கோழிகளை வைத்தியர் சேர்க்கவில்லை. அவற்றைத் தனியாக அடைக்கச் சொன்னார்.

கழுத்துத் திருகிய புறா ஒன்றை மகள் அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்த்தாள். நான் விரும்பவில்லை, கோழி வளவில் இருந்து தூரமாக என்ற நிபந்தனையில் விட்டேன். தட்டையான தட்டில் வைத்தால் அதால் தின்ன முடியாது. ஆழமான கோப்பையில் ஊறவைத்த பயற்றைக் குவித்தால் எங்கே கொத்தினாலும் ஏதாவது அகப்படும். சில வாரத்தில் கழுத்து ஓரளவு நேரானது. எல்லாம் அப்படித் தேறுவதில்லை.

வைத்தியர் போகும்போது இன்னொன்று சொன்னார். புறா மட்டும் கழுத்தைத் திருகிக்கொண்டு மெல்ல மெல்லச் செத்தால் இதே வழியில் வாருங்கள், அவசரப்பட வேண்டாம். காகம் கூட்டமாகத் திடீரென்று விழுந்தால் அது வேறு கதை. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் ராஜஸ்தானில் ஜாலாவார் பக்கம் காகங்கள் விழுந்தபோது அது பறவைக் காய்ச்சலாகத்தான் இருந்தது. அப்படி நடந்தால் பெட்டியும் ஐஸும் தேடாமல், ஒன்றையும் தொடாமல், பிள்ளைகளை உள்ளே அழைத்துவிட்டு நேரே தனக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.