சவாசனம்தான் கஷ்டமாக இருந்தது

யோகாவில் எது கஷ்டம் என்று கேட்டால் தலைகீழாக நிற்பது, காலை மடக்கிப் பத்மாசனம் போடுவது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பைபாஸ் முடிந்து வந்த எனக்குச் சவாசனம்தான் வரவில்லை. அதாவது, சும்மா மல்லாந்து படுப்பது.

அறுவை சிகிச்சையின்போது எனக்கு 54 வயது. மூன்று அடைப்பு. ஒரு கிராஃப்டுக்கு, அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போவதற்கான மாற்றுப் பாதைக்கு, நெஞ்சுக்குள்ளிருந்த தமனியையே திருப்பிவிட்டார்கள், மற்ற இரண்டுக்கும் இடது காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள். மாரடைப்பு வந்த கதையையும் ஐசியூவில் கிடந்த கதையையும் விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு வந்த நாலு மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விதத்தில் என் முதல் பிராணாயாமம் வார்டிலேயே ஆரம்பித்துவிட்டது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, குழாயில் வாயை வைத்து மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஒரே ஒரு பந்து பாதி எழும்பித் தொப்பென்று விழுந்தது. நடுவில் இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போய் உயிர் வரும்.

பிளந்த நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை கனமானதைத் தூக்கக்கூடாது, கைகளை அழுத்தி ஊன்றக்கூடாது, இரண்டு கையையும் பின்பக்கமாக இழுக்கக்கூடாது. இதை வைத்துக்கொண்டு எந்த ஆசனம் மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புஜங்காசனம் போச்சு, தனுராசனம் போச்சு, சூரிய நமஸ்காரம் போச்சு. சம்மணம் போட்டு உட்காரலாம் என்றால், ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும்.

ஆறாவது வாரம் ரீஹேப் பிரிவில், அதாவது உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பயிற்சி கொடுக்கிற இடத்தில், சேர்ந்தேன். நடைப்பயிற்சி, டிரெட்மில் இவற்றோடு வாரத்தில் மூன்று நாள் யோகா. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் எல்லாமே. கணுக்காலைச் சுழற்றுவது, தோளை மெதுவாக ஏற்றி இறக்குவது, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்புவது. முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, இதற்கா யோகா என்று பெயர் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

அளவுக்கு மீறிப் போகிறோமா என்று பல்ஸை வைத்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் சரிப்படவில்லை. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் பல்ஸ் அந்த அளவுக்கு ஏறாது. அதனால் பிசியோதெரபிஸ்ட் சுவரில் 6 முதல் 20 வரை எண் போட்ட அட்டை ஒன்றை மாட்டியிருந்தார். "எவ்வளவு சிரமமா இருக்கு, நம்பர் சொல்லுங்க சார்" என்பார். 11-லிருந்து 13-க்குள் இருக்க வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு, அவ்வளவுதான்.

அப்புறம் சவாசனம். முதுகுக்கும் தலைக்கும் சேர்த்துத் தலையணை அடுக்கிப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடினேன். அறை அமைதியானதும் காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. தட், தட், தட், ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வியர்வை. பிபி பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொள்வது சகஜம்தானாம். அது டாக்டருக்குச் சகஜம், எனக்கு இல்லையே.

யோகா ஆசிரியை என்னை விட இருபது வயது சின்னவர். மறுநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ணைத் திறந்துக்கிட்டே படுங்க சார். கையை நெஞ்சு மேல வைக்க வேண்டாம், வயித்து மேல வைங்க. வயிறு ஏறி இறங்குறதை மட்டும் எண்ணுங்க" என்றார். அதுவரை என்னை அறியாமலே கையை நெஞ்சில்தான் வைத்திருந்தேன், காவல் இருக்கிற மாதிரி. இரண்டு நிமிடத்தில் தொடங்கி, ஐந்து நிமிடம் படுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

வயிற்றை எண்ணுவதிலிருந்து மெதுவான மூச்சுக்கு வந்தோம். நாலு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நடுவில் மூச்சை அடக்கவே கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். அடக்கி அழுத்தம் கொடுத்தால் பிபி தாறுமாறாக ஏறி இறங்குமாம். இந்த ஆறு என்ற கணக்கு சும்மா சொன்னதில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை அதே வேகத்தில் மூச்சுவிடச் சொல்லி இத்தாலியில் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்தைக் கண்காணித்து இதயத் துடிப்பைச் சரிசெய்கிற அனிச்சைச் செயல் அப்போது கூர்மையாகிறது.

இதற்கிடையில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் வெளியே நடக்கிற யோகா வகுப்புக்கு அழைத்துப் போனார். பைபாஸ் ஆனவன் என்று தெரிந்தும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி செய்யச் சொன்னார்கள். "ரெண்டு மாசம் விடாம பண்ணுங்க, மாத்திரையே தேவைப்படாது" என்று வேறு சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. தினமும் கை நிறைய மாத்திரை விழுங்குகிறவனுக்கு இதைவிட இனிமையான வார்த்தை இருக்க முடியுமா? பீட்டா பிளாக்கரை நானாகவே பாதியாக்கினேன். ஐந்தாம் நாள் மாடிப்படி ஏறும்போது பல்ஸ் 110, கூடவே நெஞ்சுப் படபடப்பு. என் மனைவி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, "என்னங்க, இதுல ஏன் அரை அரையா கிடக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

டாக்டர் திட்டிவிட்டு, அந்த மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் துடிப்பு எகிறும், அதனால் மாரடைப்பே வரலாம் என்றார். பிறகு இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மாரடைப்பு வந்த 3,959 பேர், 24 மருத்துவமனைகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 12 வாரத்தில் 13 யோகா வகுப்புகள். முடிவு 2020-ல் வெளிவந்தது. மரணமோ மறுபடி மாரடைப்போ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பியிருந்தார்கள். "உங்களுக்கு அது போதாதா?" என்றார். போதும் என்றுதான் தோன்றியது. படுக்கவே பயந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

நாலாவது மாதம் எடுத்த எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 45 சதவீதத்திலிருந்து 53-க்கு வந்திருந்தது. யோகாவால்தானா என்று டாக்டரிடம் ஆசையோடு கேட்டேன். "கிராஃப்ட், மாத்திரை, நடை, யோகா, இதில் யாருக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்று சிரித்தார்.

போன வாரம் வீட்டில் சவாசனத்தில் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனேன். மூக்குக்குக் கீழே ஏதோ குறுகுறுத்தது. கண்ணைத் திறந்தால் என் மனைவி குனிந்து, மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.