அம்மாவின் கைப்பையில் சூடன்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குக் கிளம்பும்போதே அம்மா ஒரு சூடன் டப்பாவைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கே அதெல்லாம் கிடையாதும்மா என்று சொன்னதற்கு, "சாமி இருக்கிற எடத்துல சூடன் இல்லாமலா இருக்கும், நீ சும்மா இருய்யா" என்று வாயை அடைத்துவிட்டாள். எங்களுக்கு அம்பாசமுத்திரம். பாபநாசத்தில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தீபாராதனை பார்த்தே வளர்ந்தவளிடம் அதற்கு மேல் என்ன பேச.

ஜனவரி மாதக் குளிர். செருப்பை விட்டுவிட்டு, வாசலில் ஓடுகிற தண்ணீரில் காலை நனைத்து உள்ளே இறங்கினால் பளிங்குத் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. நான் காவித் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டேன், அம்மா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். குளத்துக்கு நடுவே போகிற பாலத்தில் இரண்டு மணி நேரம் வரிசை. அந்த நேரம் முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டு. ஒரு குழு எழுந்து போகும், அடுத்த குழு உட்கார்ந்து தொடரும், நடுவில் அறிவிப்போ பேச்சோ எதுவும் இல்லை.

உள்ளே போனதும் அம்மா கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். விதானத்துக்குக் கீழே பட்டுத் துணி போர்த்திய பெரிய புத்தகம், பின்னால் ஒருவர் சாமரம் வீசிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பாடுகிறவர்கள். "புஸ்தகமாய்யா?" என்றாள் மெதுவாக. ஆமாம், அதுதான். 1604இல் சீக்கியர்களின் ஐந்தாவது குரு அர்ஜன் தொகுத்து இதே இடத்தில் வைத்த பாடல்கள். பிறகு பத்தாவது குரு கோவிந்த் சிங் தன் அப்பா தேக் பகதூரின் பாடல்களையும் சேர்த்து, 1708இல் இனிமேல் ஆள் வடிவில் குரு கிடையாது, இந்தக் கிரந்தம்தான் குரு என்று சொல்லிவிட்டார். அதனால் 1430 பக்கங்களையும் பக்கம் என்று சொல்வதில்லை, 'அங்' என்கிறார்கள். அங்கம் என்ற சொல்தான் அது. ஒருவருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிற மரியாதை.

அந்த உடம்பும் ராகத்தால் ஆனது. தேவாரத்தை நாம் பண்முறையில் அடுக்கி வைத்திருப்பது போல, பெரும்பகுதி 31 ராகங்களின் வரிசையில்தான் இருக்கிறது. எழுதியவர்களைப் பார்த்தால் ஆறு குருக்கள் மட்டும் இல்லை, நெசவு நெய்த கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், நாமதேவர், ஷேக் ஃபரீத் என்கிற சூஃபி எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். குரு நானக் ஊர் ஊராகப் போனபோது கூடவே ரபாப் என்கிற தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டு நடந்த மர்தானா ஒரு முஸ்லிம். அந்த மரபில் வந்த ரபாபிகள் இந்தக் கோயிலிலேயே பாடிக்கொண்டிருந்தார்கள், 1947 வரை. பிரிவினையில் அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. ஆர்மோனியத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றபோது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. (அந்த ஆர்மோனியமும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்ததுதான், அதை விட்டுவிட்டு மூன்று வருடத்துக்குள் பழைய தந்தி வாத்தியங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று 2022இல் இதே வளாகத்தில் இருக்கிற சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த்தில் சொன்னார்கள்.)

வெளியே வந்து இரண்டு கையையும் ஏந்தி நெய் வழிகிற கோதுமை அல்வா பிரசாதம் வாங்கிக்கொண்டு, குளக்கரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தோம். அம்மா கேட்ட அடுத்த கேள்வி, "பொம்பளைங்க பாட மாட்டாகளோ?" நாங்கள் இருந்த நேரம் முழுக்க ஆண் குரல்தான். பெண்களையும் உள்ளே பாட விடுங்கள் என்று 2019இல் பஞ்சாப் சட்டசபையே தீர்மானம் போட்டிருக்கிறது. கபீருக்கும் ஃபரீதுக்கும் இடம் இருக்கிற புத்தகத்தின் முன்னால் இது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று எனக்கும் புரியவில்லை.

பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர், கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், பாபாஜி, ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று கேட்டேன். "அது ரஹாவ், பேட்டா" என்றார். பெரும்பாலான பாட்டுகளில் ஒரு வரிக்குப் பக்கத்தில் ரஹாவ் என்று எழுதியிருக்குமாம். நில் என்று அர்த்தம். பாட்டின் உயிர் அந்த வரியில்தான், மற்ற வரிகள் அதை விளக்க வந்தவை, அதனால் ஒவ்வொன்றையும் பாடிவிட்டு இங்கே வந்து நிற்க வேண்டும். நம் பல்லவி மாதிரிதான், ஆனால் நில் என்று பாட்டிலேயே எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மணி ஒன்பதரை தாண்டியது. அம்மா பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். "எப்பய்யா தீபாராதனை?" இதைப் பெரியவரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இப்போது சோஹிலா ஓதுவார்கள், அதில் வரும்" என்றார்.

சோஹிலா என்பது படுக்கப் போகும்முன் சொல்கிற ஐந்து பாடல்கள். மூன்றாவது தொடங்கியதும் பெரியவர் ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் சொல்ல, நான் அம்மாவின் காதில் தமிழில் சொன்னேன். குரு நானக் பூரி ஜகந்நாதர் கோயிலில் ஆரத்தி நேரத்தில் பாடியது என்பார்கள். வானம்தான் தட்டு. சூரியனும் சந்திரனும் விளக்கு. நட்சத்திரங்கள் அதில் பரப்பிய முத்து. "தூப் மலயானலோ", மலய மலையில் இருந்து வருகிற சந்தனக் காற்றுதான் சாம்பிராணி. காற்றே சாமரம். காட்டில் பூத்ததெல்லாம் அர்ச்சனைப் பூ. அப்புறம் ரஹாவ்: என்ன மாதிரி ஆரத்தி இது, யாரும் தட்டாமலே ஒலிக்கிற நாதம்தான் இதற்கு முரசு.

அம்மா என் கையைப் பிடித்தாள். "மலய மலைன்னா எது?"

"பொதிகைம்மா. நம்ம பொதிகையத்தான் வடக்க அப்படிச் சொல்லுவாங்க. மலயமாருதம்னு கேட்டிருக்கியே."

"நம்ம பாபநாசத்துக் காத்தா? இங்கயா பாடுதாக?"

பெரியவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்த மலை எங்கள் ஊர்ப் பக்கம் என்று மட்டும் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மாவும் கூப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கொம்பு ஊதினார்கள். கிரந்தத்தைத் தலையில் சுமந்து வந்து, ரோஜா இதழ் தூவிய தங்கப் பல்லக்கில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி அகால் தக்த்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு அங்கேதான் பள்ளியறை, விடிவதற்கு முன் திரும்ப இங்கே. பல்லக்கு போனதும் உள்ளே பாலும் தண்ணீரும் விட்டுத் தரையைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

குளிரில் பல் கிட்டிக்கொண்டு நான் செருப்பு டோக்கனை ஒவ்வொரு பாக்கெட்டாகத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று மலயானலோ, மலயானலோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடன் டப்பா பிரிக்காமலே ஊர் வந்து சேர்ந்தது.