மீன் கணக்கும் பொத்தான் நெரிசலும்

பாம்பனில் ஒரு மீன் கமிஷன் கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அன்றாட வரவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அங்கே வேலை பார்க்கும் அக்கா. எக்செல் மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் லிப்ரே ஆபிஸ் கால்க்தான். மானிட்டர் பழசு, 1366க்கு 768. அந்த 768 புள்ளி உயரத்தில் மெனு, இரண்டு டூல்பார் (பொத்தான் வரிசை), ஃபார்முலா வரி, ஷீட் பெயர்கள், விண்டோஸ் பட்டை எல்லாம் போக, மிச்சத்தில்தான் நகரையும் சீலாவும் நண்டும் ஏற வேண்டும். வலப்பக்கம் சைடுபார் வேறு.

இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தலைவலி எடைக் கட்டத்தில். 12.50 இருந்த இடத்தில் 13 நிற்கும், 7.40 வெறும் 7 ஆகியிருக்கும். தசமத்தைக் குறைக்கும் பொத்தானில் மௌஸ் பட்டிருக்கிறது. உள்ளே மதிப்பு மாறாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறும். அதனால் படகுக்காரர் பில்லைப் பார்த்துக் கையால் கூட்டினால் ஒன்று, எங்கள் மொத்தம் இன்னொன்று. கரையில் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது. பக்கத்திலேயே சதவீதப் பொத்தான். 450 மேல் அது பட்டால் 45000.00% என்று காட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். பதிவு குறைவு. பழகிய திரையில் கைவைக்க அதுதான் நேரம். சீசனில் என்றால் அக்கா விரட்டியே விட்டிருப்பார்.

வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று ஒன்று உண்டு. அதில் 'டேப்டு' தடித்த பட்டை, இந்த உயரத்துக்கு ஒத்துவராது. 'சிங்கிள் டூல்பார்' எனக்குப் பிடித்தது. அக்காவுக்கு இல்லை. "தம்பி, எல்லாம் எடம் மாறிப்போச்சு. பழசே இருக்கட்டும், வேண்டாதத மட்டும் எடு." நியாயம்தான்.

எது வேண்டாதது என்று நான் முடிவு செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சேவ், பிரிண்ட், அன்டூ, போல்டு, பார்டர். கூட்டலுக்கு ஃபார்முலா வரியில் இருக்கும் பொத்தான். காப்பி, பேஸ்ட் எல்லாம் கீபோர்டில்தான். வரி சேர்க்க வலது கிளிக். நான் அவசியம் என்று நினைத்திருந்த ஃபில்டரை அவர் தொடவே இல்லை.

பிறகு வேலை சுலபம். டூல்பாரில் வலது கிளிக், 'விசிபிள் பட்டன்ஸ்', வேண்டாததன் டிக்கை எடுப்பது. தசமம் இரண்டும், சதவீதம், கட்டங்களை இணைக்கும் மெர்ஜ் எல்லாம் போயின. கட்டளை அழிவதில்லை, ஃபார்மேட் மெனு வழியாகச் செய்துகொள்ளலாம். சைடுபாரை மூட கன்ட்ரோல் எஃப்5. டூல்பார் இழுபட்டு நடுத்திரையில் மிதக்காமல் இருக்க, அதே வலது கிளிக்கில் 'லாக் டூல்பார் பொசிஷன்'. எல்லாம் பழையபடி வேண்டுமென்றால் டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ், அதில் ரீசெட். இந்த அமைப்பு விண்டோஸில் வேறு பெயரில் நுழைபவருக்கு வராது. முதலாளி மகன் லாகினில் முழுப் பட்டையும் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: பிரிண்ட் பிரிவியூ. பில் ஒரே தாளில் அடங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பாராம். டிக் போட்டுக் கொடுத்தேன்.