சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி

கணக்கு எழுதுகிறவனுக்கு எல்லார் வண்டவாளமும் தெரியும் என்பார்கள். தெரியும்தான். யார் எந்த பஸ்ஸில் போனார், யார் இரண்டு சாயா குடித்துவிட்டு நாலு என்று எழுதினார், யார் பில் இல்லாமல் வெள்ளைத்தாளில் தொகை போட்டுக் கையெழுத்து வைத்தார், எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

நாகர்கோவிலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 2015 முதல் ஐந்து வருடம் கணக்கராக இருந்தேன். எச்.ஐ.வி. தடுப்புக்கான டி.ஐ. திட்டம், அதாவது தொற்று ஆபத்து அதிகமுள்ளவர்களை இலக்காக வைத்துச் செய்கிற வேலை. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களையும் திருநங்கைகளையும் தேடிப்போய்ப் பார்ப்பது, ஆணுறை கொடுப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவருவது. களத்தில் இதைச் செய்பவர்களை ‘பியர்’ என்போம். அதே கூட்டத்திலிருந்து வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் என் பெயர் லைன் லிஸ்டில், அதாவது திட்டத்தில் சேர்ந்த ஆட்களின் பட்டியலில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருந்தது. அது சின்ன வித்தியாசம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டவர், மார்த்தாண்டம் குழித்துறை பக்கம் பார்க்கிற பியர். திருநங்கை. குலசேகரம் பக்கத்து காலனியில் பிறந்தவர். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போய், திருநெல்வேலியில் ஒரு குருவிடம் சேலாவாக, அதாவது சிஷ்யையாக இருந்து, ஏதோ ஒரு பஞ்சாயத்தில் போட்ட தண்டை, அதாவது அபராதத்தைக் கட்ட முடியாமல், திருநங்கைகளின் கூட்டமைப்பான ஜமாத்தை விட்டு வந்துவிட்டார். திருநங்கைகள் நடுவில் ஜமாத் இல்லாதவர் என்றால் கிட்டத்தட்ட அனாதை. ‘உன் குரு யாரு?’ என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டும். இவருக்கு இல்லை. கையில் காசில்லாத நாட்களில் தந்தாவுக்கு, அதாவது பாலியல் தொழிலுக்குப் போவார். அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை.

வாய் ஜாஸ்தி. சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், ‘குயர்’ என்பதற்குத் தமிழாக ‘பால்புதுமையர்’ என்று பலகையில் எழுதியபோது, “ரப்பர்ப் பாலுல என்ன புதுமை?” என்று கேட்டு மொத்தப் பேரையும் சிரிக்க வைத்தார். எழுதியவர் சிரிக்கவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வயதுவந்தவர்கள் மனமொத்துச் சேர்வது இனி குற்றமில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. முன்வரிசையில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள், அடுத்து அலுவலக ஊழியர்கள், ஓரத்தில் நான். அக்கா படத்தில் இல்லை. அந்த நேரம் உள்ளறையில் பேப்பர் பிளேட் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து, செப்டம்பர் 10, இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் நிறைவேறிய எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம். ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிற சட்டம். அதற்குக் கேக் எல்லாம் இல்லை. சுற்றறிக்கை வந்தது, மாதாந்திரக் கூட்டத்தில் நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். பாதிப்பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் கேட்டார்: “அப்போ உசுரு போற காரியம்னாலும் சொல்லப்படாது, அப்படித்தானே?” அப்படித்தான் என்றேன், பெரிதாக யோசிக்காமல்.

2019 பிப்ரவரியில் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் முகாம். முப்பது பேருக்கு மேல். சுவரில் ‘இது பாதுகாப்பான இடம்’ என்று வண்ணத் தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். ராத்திரி ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். கல்லூரி முடித்து அப்போதுதான் எங்களோடு பழக ஆரம்பித்திருந்த 22 வயதுப் பையன் ஒருவன், திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலரிடம் வந்து அழுதான். இருட்டில் யாரோ பக்கத்தில் வந்து படுத்துத் தொந்தரவு செய்தார்களாம். தள்ளிவிட்டு எழுந்துபோய் விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான். யார்? தெரியவில்லை. வளையல் சத்தம் கேட்டது போலிருந்தது என்றான். அன்றைக்கு அந்த ஹாலில் வளையல் போட்ட கை ஒன்றிரண்டு அல்ல.

திங்கள் அன்று பெயரில்லாமல் இருந்த புகாருக்குப் புதன்கிழமை பெயர் வந்துவிட்டது. கவுன்சிலர் மேனேஜரிடம் சொன்னார், மேனேஜர் மூத்த பியர் இரண்டு பேரிடம் கேட்டார். “வேற யாரு? தந்தாவுக்குப் போறவதான்” என்றார் ஒருவர். இன்னொருவர் காலனி என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அதோடு ஒரு சாட்சியும் கிடைத்தது: “ராத்திரி ரெண்டு மணிக்கு நான் முழிச்சேன். அவ பாயில ஆளில்ல.”

வியாழன் சாயங்காலம் அக்காவை வரச் சொன்னார்கள். மினிட்ஸ் அடிக்க நான் உட்கார்ந்தேன்.

“அண்ணைக்கு ராத்திரி எங்க போனே?”

“ஒரு எடத்துக்கு.”

“எந்த எடம்?”

“அது சொல்லப்படாது.”

அறையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என்னை இரண்டு தடவை பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, ‘விளக்கம் தர மறுத்துவிட்டார்’ என்று அடித்தேன்.

“அந்தப் பயல்ட்ட கேட்டியளா? நான்தான்னு சொன்னானா?” என்றார். பாதிக்கப்பட்டவரை மறுபடி மறுபடி கேட்டு நோகடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. சரியான கொள்கை, அதுவரை எங்கள் அலுவலகம் ஒருநாளும் கடைப்பிடித்திராத கொள்கை. “ஜமாத்துலகூட தண்டு போடுகதுக்கு முன்னாடி எதிர்ல உக்கார வச்சுக் கேப்பாவ” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘அனைவரின் பாதுகாப்பு கருதி’ என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் கட்டைவிரல் போடவில்லை, கை கூப்பும் படம் போட்டேன். அது என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் திருநெல்வேலி, திருவனந்தபுரம் வரை செய்தி போய்விட்டது. அக்கா எந்த ஊர் நிகழ்ச்சிக்குப் போனாலும் வாசலில் ஒருத்தர் நிறுத்துவார் என்கிற நிலை ஒரே நாளில் வந்தது.

மார்ச் கடைசி, வருடக் கணக்கு முடிக்கிற நேரம். நிலுவை வவுச்சர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத்தாளில் அக்காவின் கோணல் எழுத்து. முகாம் நடந்த தேதி. ‘ஆட்டோ, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, ராத்திரி, கூட்டுக்கு இருந்தது. ரூ.180.’ பக்கத்தில் ஒரு குறியீட்டு எண். எங்கள் பட்டியலில் ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்த எண் யாருடையது என்று கள ரிஜிஸ்டரில் பார்த்தேன். வீட்டார் கைவிட்டு, காசநோயும் சேர்ந்து வார்டில் கிடந்த ஒரு பையன். அன்று ராத்திரி யாருமில்லை என்று போன் வந்திருக்கிறது. அக்கா முகாமிலிருந்து கிளம்பிப் போய் அவனுக்குத் துணையாகக் கூட்டுக்கு இருந்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் கன்னியாகுமரி வந்து, எல்லோருக்கும் முன்னால் இட்லி வரிசையில் நின்றிருக்கிறார்.

வவுச்சரின் மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. ‘பில் எங்கே?’ என் கையெழுத்து, தேதியோடு.

அதாவது அந்தத் தாளை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை ‘மறுத்துவிட்டார்’ என்று நான் அடித்தபோது அது என் இடதுகைப் பக்கத்துப் பெட்டியில் கிடந்தது. அக்கா இரண்டு தடவை பார்த்தது என்னை அல்ல, அந்தப் பெட்டியைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. ஆஸ்பத்திரி என்று அவர் வாயைத் திறந்திருந்தால் அடுத்த கேள்வி ‘யாருக்கு?’ என்று வந்திருக்கும். எங்கள் வட்டத்தில் யார் வார்டில் கிடக்கிறார், எதற்காக என்று ஊகிக்க அரை நிமிடம் போதும்.

வவுச்சரை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குழுவுல இப்பதான் அமைதியா இருக்கு. முடிஞ்சத கிளறாண்டாம்” என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போலீஸ் பிடித்துக்கொண்டு போன எத்தனையோ பிள்ளைகளை நடுராத்திரியில் ஸ்டேஷனுக்குப் போய் மீட்டவர். ‘விசாரிக்காம எப்படி சார் அடிப்பீங்க’ என்று ஒரு எஸ்.ஐ.யிடம் அவர் சண்டை போட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் உள் புகார்க் குழு இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அப்படி ஒன்று வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளியாள் ஒருவர் உட்பட நாலு பெயர்களை அச்சடித்து ஒட்டியிருந்தோம், ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். புகாரின் நகலை ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குக் கொடு, இருவரையும் கேள், 90 நாளில் விசாரணையை முடி என்று வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பெண்தான் புகார் கொடுக்க முடியும், எங்கள் பையனுக்கு அது பொருந்தாது, உண்மை. ஆனால் அந்த வழியில் நடக்காதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. இதில் இன்னொன்றும் உண்டு. புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதைப் படிக்கிறவர்களில் ‘பாத்தியா, புகார்னாலே இப்படித்தான்’ என்று ஆரம்பிப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நடந்தது நடந்ததுதான். பொய் வேறு வாய்களிலிருந்து வந்தது.

என் பாட்டி தோள்சீலைக் கலகத்தைக் கதையாகச் சொல்வாள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டதே, அதில் ஒரு கொக்கி இருந்தது: எங்கள் நாடார் பெண்கள் மாரை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது. இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டிக்குக் குரல் உயரும். அதே பாட்டி, தேங்காய் பறிக்க வருகிற காலனி ஆளுக்குக் கொல்லைப்புறத்தில் சிரட்டையில்தான் சாயா ஊற்றிக் கொடுத்தாள். சின்ன வயதில் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. எங்கள் குழுவிலும் அக்காவுக்கு இடம் உண்டு என்றுதான் எல்லோரும் சொன்னோம். பியராக வரலாம், ஆள் கூட்டிவரலாம், பிளேட் அடுக்கலாம்.

ஆகஸ்டில் புகார் சொன்ன பையன் பரிசோதனைக்கு வந்தான். கணக்கு அறை வாசலில் நின்று கேட்டான்: “அண்ணே, அக்காவ ஏன் எடுத்திய? நான் அவிய பேரச் சொல்லவே இல்லையே.” அதுவரை அவனுக்குத் தெரியாது. ஏதோ விசாரித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள், வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, அக்காவை வெறுக்கவும் முயன்றிருக்கிறான். முடியவில்லையாம். முகாமில் அவனுக்குக் கடைசிப் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனது அவர்தானாம். அவன் சொன்னதை அப்படியே எழுதி, வவுச்சர் நகலையும் வைத்து, புகார்க் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். 2020 பிப்ரவரியில் நான் வேலையை விடும்வரை கடிதம் கோப்பிலேயே இருந்தது. இப்போது மார்த்தாண்டத்தில் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

வேலையை விட்ட வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். ஒருத்தருடைய ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ஆறரை இருக்கும், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசை மரங்களில் நின்றார்.

“வா, கணக்குப்பிள்ளே. பில்லு கேட்டு வந்தியா?”

சொல்லவேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். வவுச்சர், டைரக்டர், பையன், கடிதம். மன்னிப்பும் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் பட்டையைச் சீவிக்கொண்டே கேட்டார். ஆஸ்பத்திரிப் பையன் மாத்திரை ஒழுங்காக எடுக்கிறானா என்று கேட்டார், பெயர் சொல்லாமல். பிறகு கத்தியைத் துடைத்துவிட்டு, “அது சரி, அந்தக் கொச்சுப்பயல தொந்தரவு பண்ணுனது யாருன்னு பொறவு கேட்டியளா?” என்றார்.

இல்லை என்றேன்.

“நான் போனதோட சோலி முடிஞ்சுன்னு விட்டாச்சு. அந்த ஆளு அங்கதானே இருப்பான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து 180 ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கி, தாளை விரித்துப் பார்த்துவிட்டு, “வவுச்சர்ல கையெழுத்து வேண்டாமா?” என்றார்.

வேண்டாம் அக்கா, இது என் பணம் என்றேன்.

திருப்பி என் சட்டைப்பையில் வைத்தார். “ஆபீஸ் ரூவா வந்தா கொண்டா. அது எனக்கு வரவேண்டியது.”