பழைய கரும்பாலையை அரங்கமாக்குவோர் கவனத்துக்கு

மொரீஷியஸில் போ பிளான் கரும்பாலை 1999இல் மூடப்பட்டு, 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பழைய இயந்திரங்களை அங்கேயே விட்டுவைத்ததுதான் அதன் அழகு!

இன்னொரு ஆலையை நாட்டியத்துக்கோ நாடகத்துக்கோ மாற்ற நினைத்தால் முதலில் சுவரைப் பாருங்கள். பழைய கருங்கல் கட்டுமானத்தில் இணைப்பு பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து பூச்சு உரியும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் போதும். வெயிலில் சட்டென்று காயவிடாமல் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் மிருதங்கமே கேட்காது. அடியில் 100 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வையுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் தொடவே வேண்டாம், பயிற்சி பெற்றவர்கள்தான் கழற்ற வேண்டும்.

எண்ணெய் ஊறிய தரையில் பெயின்ட் ஒட்டாது. மேல்பரப்பைச் செதுக்கிய பிறகே பூசுங்கள்.