மெர்சிங் தீவில் நிலம் வாங்கிய அனுபவம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாகச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனால் மெர்சிங் வந்துவிடும். அந்தக் கடலில் இருக்கும் தீவுகளில் ஒன்றில் நானும் தம்பியும் அக்கா குடும்பமும் சேர்ந்து இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் வாங்கியிருக்கிறோம். சில குடில்கள் போட்டு, சத்தமில்லாத இடம் தேடி வருகிறவர்களுக்கு விடலாம் என்பது திட்டம். விற்றவர்களின் சொந்தபந்தம் இன்னும் அங்கேயே இருப்பதால் தீவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் விவரம் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960-இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதில் சேர்ந்தவர்களில் அப்பாவும் ஒருவர். இருந்தும் நாங்கள் வளர்ந்த லயத்து வீடு, அதாவது தோட்ட நிர்வாகம் கொடுத்த வரிசை வீடு, கடைசிவரை எங்களுடையதாகவில்லை. நம் பெயரில் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

பணம் பெரும்பாலும் 55 வயதில் எடுத்த இ.பி.எஃப். சேமநிதி. நாங்கள் கேட்ட வங்கிகள் தீவு நிலத்துக்குக் கடன் தர முன்வரவில்லை.

முதலில் ஒரு ஏஜென்ட் காட்டிய நிலம் கண்ணைப் பறித்தது. வெள்ளை மணல், தென்னை, விலையும் மலிவு. முன்பணம் கேட்டார். அதற்கு முன் எங்கள் லாயர் நில அலுவலகத்தில் சாரியான், அதாவது நிலப் பதிவு விவரத் தாள், எடுத்தார். கட்டணம் சொற்பம்தான். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வகை, என்ன நிபந்தனை, அடமானமோ கேவியட்டோ (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) இருக்கிறதா என்று எல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும். அந்த நிலம் மலாய் ரிசர்வ், மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கியது. எங்கள் பெயருக்கு மாற்றவே முடியாது. ஏஜென்ட் அசரவில்லை. "தெரிந்த மலாய்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்" என்றார். அப்படிப்பட்ட ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது என்று லாயர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதே யோசனையை உங்களிடமும் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்துக் கிடைத்ததுதான் இப்போது எங்களிடம் இருக்கும் நிலம். ரிசர்வ் இல்லை, விவசாய நிலம். ஆனால் கிராண்டில் இருந்த பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். எல்லாரும் விற்கச் சம்மதம் என்றாலும், நிலம் முதலில் அவர்கள் பெயருக்கு வந்தால்தான் 14ஏ பாரத்தில், அதாவது கைமாற்றப் பாரத்தில், அவர்கள் கையெழுத்துப் போட முடியும். வாரிசு விசாரணை முடிந்து, உத்தரவு கிடைத்து, அது பதிவாகும் வரை காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பில் பலர் பொறுமை இழந்து, வாரிசுகளில் ஒருவரிடம் மட்டும் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு சென்கூடக் கொடுக்கவில்லை.

அப்புறம் அளவை. தீவு நிலம் வாங்குகிறவர்கள் இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆற்று முகத்தில் ஆழம் போதாததால் மெர்சிங் ஜெட்டியில் கடல்நீர் ஏற்றம் பார்த்துத்தான் படகு புறப்படும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் வற்றத் தொடங்கியிருந்தது. மேட்டுப் பக்கத்து எல்லைக் கற்கள் புதருக்குள் பத்திரமாக இருந்தன. கடல் பக்கத்துக் கல்லைக் காணோம். அவருடைய உதவியாள் கருவியில் பார்த்துச் சொன்ன இடம் ஈர மணலில், தென்னை வரிசைக்கு வெளியே இருந்தது. மண்வெட்டியால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. தலைப்பக்கமெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. கிராண்ட் எழுதிய காலத்தில் அது தென்னந்தோப்புக்குள் நின்றிருக்க வேண்டும்.

தேசிய நிலச் சட்டம் 49-ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்ட பகுதி உரிமையாளருக்குச் சொந்தமில்லை, அரசு நிலம் ஆகிவிடும். கிராண்டில் பழைய பரப்பளவுதான் இருக்கும். நாங்கள் அளந்து வந்த பரப்புக்கே விலை பேசினோம். வாரிசுகளும் நியாயமானவர்கள், ஒப்புக்கொண்டார்கள். அதேபோல ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட மணல்வெளியும் அரசுடையது. ‘தனியார் கடற்கரை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். படகுத்துறை போடுவதற்குத் தற்காலிக உரிமம் கேட்கலாம், ஆனால் அது டிசம்பரோடு முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

விவசாய நிலத்தில் தங்கும் விடுதி கட்ட முடியாது. அதே நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி மாநில அரசிடம் நில வகையைக் கட்டடத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும், அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும். மாவட்ட மன்றத்தில் திட்ட அனுமதியும் வாங்க வேண்டும். இது கிடைக்காவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது தேங்காய்தான். அதனால் லாயர் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை வைத்தார்: வகைமாற்றம் குறிப்பிட்ட தேதிக்குள் கிடைக்காவிட்டால் விற்பனை ரத்து, லாயர் கணக்கில் இருக்கும் 10 விழுக்காடு முன்பணம் முழுதும் திரும்பி வரும். அந்த ஒரு வரிதான் எங்களை நிம்மதியாகத் தூங்க வைத்தது. கையெழுத்தானதும் நிலத்தின் மேல் எங்கள் பெயரில் கேவியட்டும் போட்டார்.

மற்றச் செலவில் முக்கியமானது முத்திரை வரி. முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரை 2, பத்து லட்சம் வரை 3, அதற்கு மேல் 4. விலையைவிடச் சந்தை மதிப்பு அதிகமாக இருந்தால் வரி சந்தை மதிப்புக்குத்தான்.

நிலம் பார்க்கப் போகிறவர்கள் பருவமழை முடிந்த கையோடு போங்கள். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை கிழக்குக் கரை கடல் கொந்தளிக்கும், விடுதிகள் மூடிவிடும். வருமானத்தை வருடத்துக்கு எட்டு மாதம் என்றே கணக்குப் போடுங்கள். மழை முடிந்ததும் போனால் கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கிணற்று நீரை மட்டும் கோடையில் இன்னொரு முறை போய்க் குடித்துப் பாருங்கள், அப்போதுதான் உப்புக் கரிக்கிறதா என்று தெரியும்.

வகைமாற்றம் கிடைத்து, மீதிப் பணமும் கட்டி, கிராண்ட் எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை கடல் பூங்கா. அப்படிப்பட்ட தீவில் சுற்றுலா வசதி கட்டச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தேவை. சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிவுநீர் பவளப் பாறைக்குப் போனால் பாறை செத்துவிடும், அதைப் பார்க்க வருகிற விருந்தாளியும் வரமாட்டார். கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டிக்கு எங்கள் பட்ஜெட்டில் குடில்களுக்கு முன்பே பணம் ஒதுக்கியாகிவிட்டது. அறிக்கை தயாரிக்கிறவர்கள் கடல் அடங்கியதும் மார்ச்சில் வருகிறார்கள்.